நோயாளி பெயர் இல்லாத சீட்டு

செவ்வாய்க்கிழமை
கடையிலிருந்து, மதியம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் சின்னவளும் சுகம். நீ சுகமா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அப்படிக் கேட்க மனசு வரவில்லை. கடைசியில் தனியாகக் கேட்கிறேன்.

முதலில் அவசர விஷயம். சனிக்கிழமை பஸ்ஸில் உனக்குக் கொடுத்தனுப்பிய பார்சலில் ஆறு அட்டை தூக்க மாத்திரை இருக்கிறது அல்லவா, அதைத் தொடாதே. அந்த பேட்சில் ஏதோ கோளாறாம், கம்பெனிக்காரன் திரும்ப வாங்கிக்கொள்கிறான். பிரிக்காமல் அதே டப்பாவில் போட்டு, நாளைக்கு இங்கே திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடு. யாருக்கும் அதைக் கொடுக்காதே. யாருக்கும் என்றால் உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நேற்றிலிருந்து பதினோரு தடவை அடித்துவிட்டேன். மூன்று தடவை மணி அடித்து ஓய்ந்தது. மிச்ச நேரமெல்லாம் நீ அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் குரல் சொல்கிறது. அவளோடு சண்டை போட முடியுமா? விரலால் குத்திக் குத்திச் செய்தி அனுப்புவதும் எனக்கு வராது. அதனால்தான் காகிதமும் பேனாவும். இதை இன்று சாயங்கால பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் சீட்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் உறையைப் பிரித்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, கூடவே மூன்று வரித் துண்டுக் காகிதம். ஆஸ்பத்திரியில் இருப்பு தீர்ந்துவிட்டது, வார்டில் ஒருவருக்கு வேண்டும், அனுப்புங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக ஊரிலுள்ள டாக்டர்கள் கிறுக்கியதையெல்லாம் படித்துப் படித்து என் கண்ணே கோணிப்போயிருக்கிறது. முதல் தடவையாக, பயிற்சி டாக்டராக இருக்கும் என் பிள்ளை கையெழுத்துப் போட்ட சீட்டு என் கைக்கு வருகிறது! எழுத்து கோழி கிளறிய மாதிரிதான் இருந்தது. அதைப் பார்த்ததும், "இவன் நிஜமாவே டாக்டர் ஆயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன். மருந்தை எடுத்துக் கட்டி மறுநாள் அனுப்பினேன். சீட்டைச் சட்டம் போட்டு, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் மாட்டினேன். வந்தவன் போனவனை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா.

கடையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி பாதி முகத்தை மறைத்துவிடும், நான் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிடுகிறேன். நேற்று அவள் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "சார், இதுல நோயாளி பேரே இல்லையே. நான் இப்படி ஒரு சீட்டை வாங்கி வெச்சிருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பீங்க" என்றாள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சாப்பிடப் போன பிறகு நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பெயர் இல்லை, வயது இல்லை, படுக்கை எண் இல்லை. மருந்தின் பெயரும் உன் கையெழுத்தும் மட்டும்தான் இருந்தன.

உனக்கே தெரியும், இந்த வகை மாத்திரை கேட்டு மந்திரியே வந்து நின்றாலும் மூன்று கேள்வி கேட்காமல் அந்த அலமாரியை நான் திறந்ததில்லை. யாருக்கு? எத்தனை நாளாகத் தூக்கமில்லை? வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்? இதனாலேயே பாதி ஊர் என்னைச் சிடுமூஞ்சி கம்பவுண்டர் என்கிறது. பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். உன்னிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன். ரிஜிஸ்டரில் எழுத வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இப்போது கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. யாருக்குக் கண்ணா அது? எத்தனை நாளாக? கூட யார் இருக்கிறார்கள்?

வீட்டில் எல்லாம் வழக்கம்போல்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவளுக்கு மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பி வைத்துவிட்டேன், அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். என்னடி என்றால், "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

இப்போது கேட்கிறேன். நீ சுகமா? சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? போன மாதம் பேசியபோது உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னாள். லைன் சரியில்லை என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். லைன்தானே சரியில்லை?

ஒரே ஒரு தடவை போன் பண்ணு. கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் எடுப்பேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று சொல்லி முடிக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வார்த்தைதான். எழுதும்போது இன்றைக்குத்தான் பேனாவை அழுத்திப் பிடித்தேன்.

உன் அப்பா


வெள்ளிக்கிழமை
பஸ்ஸில்

என் கண்ணுக்கு,

எழுத்து ஆடினால் பஸ் ஆடுகிறது என்று வைத்துக்கொள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவசரத்தில் கையில் அகப்பட்டது இதுதான்.

பேட்சில் கோளாறு ஒன்றும் இல்லை. நான் சொன்னது பொய். மருந்து விஷயத்தில் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் உன்னிடமே சொல்லியிருக்கிறேன். அட்டை எப்படியாவது உன் கையை விட்டுப் போனால் போதும் என்று நினைத்தேன். நேராகக் கேட்கப் பயம்.

புதன்கிழமை உன் செய்தி வந்தது. "சரிப்பா. அனுப்பிட்டேன்." இரண்டே வார்த்தை. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு மூன்று நாளில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு நாள் தாமதமாக இன்று காலைதான் பார்சல் வந்தது. கண்டக்டர் எதிரிலேயே பிரித்தேன். ஆறு அனுப்பினேன், நாலு வந்திருக்கிறது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன், உள்காகிதத்தை உருவிப் பார்த்தேன். நாலுதான். கண்டக்டர்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தான்.

கடைச் சாவியைக் கண்ணாடிப் பெண்ணிடம் கொடுத்தேன். "போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றாள். திங்கட்கிழமை அவள் மேல் எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சட்டை மாற்றினேன். கம்பெனி விஷயமாக வெளியூர் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். பட்டனை மாற்றிப் போட்டிருந்தேன். சின்னப்பிள்ளைக்குப் போடுகிற மாதிரி எல்லாவற்றையும் அவிழ்த்து, முதலிலிருந்து சரியாகப் போட்டுவிட்டாள். பிறகு, "அவனைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெற்றவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது.

சின்னவள் பஸ் நிலையம் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் ஏறப் போகிற நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அண்ணன்கிட்ட கத்தாதீங்க. அவனுக்கு ஊசி போடும்போதெல்லாம் கை நடுங்குதாம். வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல நின்னு வாந்தி எடுத்துட்டுத்தான் போறானாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். எட்டு மாசம் என்றாள். எட்டு மாசமாக அந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. நானோ அவள் எதிரில் இன்னொரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா?

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

உனக்கு ஆறு வயது இருக்கும். ஒரு குழந்தைக்கு எழுதிய சீட்டில் மருந்தின் அளவு அதிகமாக இருந்தது. நான் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் நேரிலேயே கடைக்கு வந்தார். அளவைத் திருத்தினார், அதில் குறையில்லை. திருத்திவிட்டு, கடை நிறைய ஜனம் நிற்கும்போது, "சீட்டுல இருக்கறதைப் படிச்சு எடுத்துக் குடுக்கறதுதான் உன் வேலை, யோசிக்கறது என் வேலை" என்றார். பதில் பேச எனக்கு வாய் இல்லையா? இருந்தது. சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு, சரிங்க டாக்டர் என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்ததும், இவனை டாக்டராக்குவது என்று முடிவு பண்ணினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்தேன். அப்புறம் உனக்குப் பதினேழு ஆனபோதும் கேட்கவில்லையே, அதற்கு என்ன சாக்குச் சொல்ல?

பதினேழு வயதில் நீயாகவே வந்து சொன்னாய். இருமல் மருந்தோடு வருகிற அளவுக் கிண்ணத்தை நம் கடையிலிருந்து எடுத்துப்போய் மொட்டை மாடியில் வைத்து, மழையை அளந்து நாலு வருஷம் நோட்டில் எழுதி வைத்திருந்தாய். வானிலை படிக்கணும்பா என்றாய். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "நீ டாக்டரானா மழை பெய்யாமலா போயிடும்?" வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு மூன்று நாள் நான் உன்னோடு பேசவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். நாலாம் நாள் நீயே வந்து, "சரிப்பா" என்றாய். பிள்ளை தானாகவே ஒப்புக்கொண்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ எல்லாவற்றுக்கும் சரிப்பாதான். விடுதி பிடித்திருக்கிறதா, சரிப்பா. இந்த விடுமுறைக்கு வர வேண்டாம், உட்கார்ந்து படி, சரிப்பா. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நீ என்னோடு சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு இப்படி நடுங்கியிருக்க மாட்டேன். சத்தமே போடாத பிள்ளை நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? என் வாய் எனக்குத் தெரியும். உன்னைப் பார்த்ததும், அறிவில்லையா உனக்கு என்றுதான் முதல் வார்த்தை வரும். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது, என்ன செய்ய, பிறவி அப்படி. அதனால் வந்ததும் இதை உன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். நீ படி.

இன்னும் நாற்பது நிமிஷம் என்கிறான் கண்டக்டர். இதற்கு நடுவில் டீ குடிக்க நிறுத்தினான் பாவி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.


விடுதியில், மூன்றாவது மாடி
உன் அறை வாசல்

வந்துவிட்டேன்.

நீ மூன்று நாளாக வார்டுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இறங்கி வரவில்லை என்று பக்கத்து அறைப் பையன் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணைப் பார்த்தேன், அவனும் பயந்துபோயிருக்கிறான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. தட்டினேன். பதில் இல்லாத அந்த ஒரு நிமிஷம் எப்படிப் போயிற்று என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. விடுதிக் காவல்காரர் ஓடிப்போய்க் கடப்பாரை எடுத்து வந்துவிட்டார். கதவிடுக்கில் நுழைக்கப் போகிற நேரத்தில், "போங்கப்பா" என்றாய்.

ஒரு பிள்ளை தன் அப்பாவைப் போகச் சொல்கிறான், அதைக் கேட்டு அந்த அப்பன் சந்தோஷத்தில் தரையில் உட்கார்ந்து அழுகிறான். காவல்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். மாத்திரை ஏதாவது போட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாய். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நம்புகிறேன். நம்பினாலும் கதவை விட்டு நகர மாட்டேன்.

காவல்காரர் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. அவரிடம் சொல்லியிருக்கிறேன், நான் கூப்பிடும்போதெல்லாம் நீ பதில் சொன்னால் கதவைத் தொட வேண்டாம் என்று. நீ ஒரு தடவை பதில் சொல்லாவிட்டாலும் உடைத்துவிடுவோம். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. இல்லை, மிரட்டுகிறேன் என்றே நினைத்துக்கொள்.

பஸ்ஸில் எழுதியதையெல்லாம் கதவுக்கு அடியில் ஒவ்வொரு தாளாகத் தள்ளினேன். முதல் தாள் பாதி உள்ளே, பாதி வெளியே ரொம்ப நேரம் கிடந்தது. அப்புறம் மெதுவாக உள்ளே போயிற்று. உன் விரல் நுனி தெரிந்தது. நகம் வெட்டாமல் இருக்கிறாய்.

படித்துவிட்டு நீ கேட்டாய், "நான் இனிமே இதைப் பண்ணலைன்னா ஊர்ல எல்லாருக்கும் என்னப்பா சொல்லுவீங்க?" இதற்கு வாயால் பதில் சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால்தான் மறுபடி பேனாவை எடுத்தேன்.

என்ன சொல்வேன் தெரியுமா? என் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று சொல்வேன். என்ன பண்ணுகிறான் என்று கேட்டால், தூங்குகிறான், சாப்பிடுகிறான், தங்கையோடு சண்டை போடுகிறான் என்பேன். அதற்கு மேல் கேட்கிறவனைக் கடைப் பக்கம் வராதே என்பேன். சிடுமூஞ்சி என்று பேர் வாங்கி வைத்திருக்கிறேனே, அது எதற்கு? டாக்டர் வேலை யாருக்கு வேண்டும்? விட்டுவிடு. இன்றைக்கே விட்டுவிடு. பிறகு உனக்கே வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவும் உனக்காக, எனக்காக இல்லை. கீழே உங்கள் பெரிய டாக்டரம்மா இருக்கிறாராம். தூக்கம் இல்லாததற்கும் கை நடுங்குவதற்கும் அவரிடம் போவோம். வார்டில் நோயாளிக்கு எழுதுகிற மாதிரி உன் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுவோம். நான் உன் கூடவே உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

கதவைத் திற என்று நான் சொல்லவில்லை. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது திற. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், அதை இப்போதே செய். அந்த இரண்டு அட்டையையும் காகிதம் வந்த வழியிலேயே வெளியே தள்ளு. என் கையால் எடுத்து அனுப்பியது கண்ணா. கேட்க வேண்டியதைக் கேட்காமல் என் கையாலேயே கட்டி அனுப்பினேன். அதை என் கையில் திருப்பிக் கொடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதப் போனேன், அப்பன் அப்படி எழுதக் கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

இந்தத் தாளை உள்ளே தள்ளப் போகிறேன்.


கண்ணா, ஒன்று வந்துவிட்டது.

தரையில் உரசிக்கொண்டு வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு குமிழாக விரலால் தடவிப் பார்த்தேன். பத்தும் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. காவல்காரரிடம் காட்டினேன், அவரும் எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நல்ல பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல மாட்டேன். நீ நல்ல பிள்ளையாக இருந்தது போதும். எனக்குப் பிள்ளையாக இரு.

இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது. அவசரம் இல்லை, நான் எங்கேயும் போகவில்லை. ஆனால் அதையும் தள்ளிவிடு ராசா.

கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா